சமூகவியலைக் கதையாக எழுதிப் பார்க்க: தொடக்கநிலையினருக்கான முழுமையான வழிகாட்டி

சாதி, வர்க்கம் என்று சமூகவியல் பேசுவதை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஒருவர் இன்னொருவரிடம் நடந்துகொள்ளும் விதத்தைத்தான் பார்க்கிறோம். கதைக்கும் அதுதான் மூலப்பொருள். அதனால் கதை எழுதுவதையே ஓர் ஆய்வாகச் செய்யலாம். இங்கே ஒரே உதாரணத்தைப் பின்தொடர்வோம்: சென்னையில் வாடகைக்கு வீடு தேடுவது.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

தனிமனிதரின் தொல்லையையும் பொதுப் பிரச்சினையையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் (1959). ஒருவருக்கு வீடு கிடைக்காவிட்டால் அது அவர் பாடு. ஒரே வகைக் குடும்பங்களுக்குத் தொடர்ந்து கிடைக்காவிட்டால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. "நகரத்தில் சாதி" என்று தொடங்கினால் கதை நகராது. "சாதியை வாய்விட்டுக் கேட்காமலே வீட்டுக்காரர் எப்படித் தெரிந்துகொள்கிறார்?" என்று கேளுங்கள்.

2. நேரில் போங்கள்

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ‘கரிப்பு மணிகள்’ நாவலை எழுதுமுன் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிப் பகுதிக்கே போய் அவர்களுடன் பழகினார். தமிழில் இந்த வழிக்கு அவரைவிடச் சிறந்த ஆசான் இல்லை என்பேன். நீங்களும் வீடு தேடும் நண்பரோடு ஒரு நாள் சுற்றுங்கள். டு-லெட் போர்டு, புரோக்கர் கமிஷன், அட்வான்ஸ் பேச்சு எல்லாவற்றையும் குறியுங்கள். முக்கியமாக, வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளின் வரிசை: "சொந்த ஊர் எது?", "ஊர்ல எந்தத் தெரு?", "கவுச்சி சமைப்பீங்களா?" எந்தப் பதிலுக்குப் பிறகு "வீட்ல கலந்துட்டுச் சொல்றேன்" என்கிறார்? உள்ளே அழைத்தாரா, வாசலோடு அனுப்பினாரா?

எழுதும்போது ஆள், தெரு அடையாளங்களை மாற்றிவிடுங்கள்.

3. வீட்டுக்காரர் பக்கமிருந்தும் எழுதுங்கள்

கடினமான படி இதுதான். வீட்டுக்காரரைக் கொடியவராகத் தீட்டினால் குற்றம் அவருடைய குணத்தோடு முடிந்துவிடும், சமூகம் தப்பித்துக்கொள்ளும். அவரை ஓய்வுபெற்ற ஆசிரியராக்குங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பாரபட்சமில்லாமல் சொல்லிக்கொடுத்தவர். மாடி போர்ஷன் வாடகைதான் பென்ஷனுக்குத் துணை. அதுவும் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. வந்திருக்கும் குடும்பத்தை அவருக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டு உறவுக்காரர் என்ன சொல்வார், மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் பேச்சு எழுமோ என்று மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. வெறுப்பே இல்லாதவர் கையாலும் விலக்கல் எப்படி நடக்கிறது என்பது இப்போது எழுதுகிறவருக்கே புலப்படும். அதற்காக அவரை மன்னித்துவிட வேண்டியதில்லை. வீடு கேட்டு வந்தவர்கள் படியிறங்கும் காட்சியையும் அதே கவனத்தோடு எழுதுங்கள்.

4. விளக்கவுரையை வெட்டுங்கள்

பாத்திரம் ‘கட்டமைப்பு’, ‘ஆதிக்கம்’ என்று பேசினால் அடித்துவிடுங்கள். அந்தச் சொற்கள் இல்லாமலே சொல்ல முடியும்: இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலில், துணி வெளுக்கும் ஆரோக்கியத்தின் அன்றாட வேலையிலும் கூலிக்கான அலைச்சலிலும் ஊரின் படிநிலை முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

5. நடித்துப் பாருங்கள்

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் ஒரு முறையை உருவாக்கினார். ஒடுக்குமுறைக் காட்சியொன்று நடிக்கப்படும். மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் நடுவில் நிறுத்தி, ஒடுக்கப்பட்டவரின் இடத்துக்கு வந்து வேறு வழி முயல்வார். உங்கள் காட்சியையும் நண்பர்களோடு இப்படி நடித்துப் பாருங்கள். வீடு கேட்பவர், "அதை ஏன் சார் கேக்கறீங்க?" என்று திருப்பிக் கேட்கட்டும். வீட்டுக்காரராக நடிப்பவர் வாயில் சட்டென்று வரும் பதிலை அப்படியே எழுதிவையுங்கள். அடுத்த வரைவை அந்தப் பதிலிலிருந்து தொடங்கலாம்.