பொலிசியில் யார் பெயர் இருக்கிறது?

பசறை, ஹாலி-எல பக்கத் தோட்டங்களில் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை. படிப்பித்த காலத்தில் தொடங்கியது, ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. கொழுந்துக் காசில் மிச்சம் பிடித்து மாதாமாதம் காப்புறுதி கட்டும் எங்கள் சனம், தங்களுக்குப் பிறகு காசு யாருக்கு என்று சொல்லும் பின்னுரித்தாளர் கட்டத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதை ஏஜண்டே நிரப்பிவிடுகிறார். கையெழுத்து வைத்ததும் பொலிசி ட்ரங்குப் பெட்டிக்குள் போய்விடுகிறது.

புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் பிளாஸ்டிக் பையில் சுற்றிய பொலிசியோடு வந்தார். "இதுல எம் பேரு இருக்கா மாஸ்டர்?" இருந்தது மாமியாரின் பெயர். கல்யாணத்துக்கு முன் எடுத்த பொலிசி. மாமியாரும் உயிரோடு இல்லை. இவர்கள் தாலி கட்டியது தோட்டத்துக் கோயிலில்; பதியவில்லை. பதியாத கல்யாணமும் செல்லும்தான், ஆனால் அதை நிரூபிக்க அந்த அம்மா பட்ட பாட்டை நான் கூடவே இருந்து பார்த்தேன். கிராம சேவகரின் கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சத்தியக் கடதாசி, கொழுந்தன்மாரின் சம்மதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் சம்பளம் போனது, பஸ் காசும் போனது. புருஷன் உயிரோடு இருக்கும்போது ஒரு கடிதம் எழுதி இவர் பெயரைப் போட்டிருந்தால் இதில் பெரும்பகுதி தேவைப்பட்டிராது. அதனால்தான் கல்யாணம் பதியாத வீடுகளில் முதலில் இந்தக் கட்டத்தைப் பாருங்கள் என்கிறேன். கல்யாணம், பிள்ளைப்பேறு, சாவு, பிரிவு எது நடந்தாலும் பொலிசியை வெளியே எடுங்கள்.

பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். தோட்டத்துச் செக்ரோலில் லெச்சிமி, பிறப்புச் சான்றிதழில் லட்சுமி, அடையாள அட்டையில் லக்‌ஷ்மி என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்பது எங்கள் பக்கம் சாதாரணம். பெயருக்குப் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும் இருந்தால் பாதிச் சிக்கல் தீரும். 2016க்குப் பிறகு 12 இலக்க அட்டை எடுத்தவர்கள் பழைய இலக்கத்தையும் குறித்து வைப்பது நல்லது.

இன்சூரன்ஸில் பெயரை மாற்றினால் ஈபிஎஃப்பிலும் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். மாறாது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் சேரும் ஈபிஎஃப்புக்குத் தனியாக ஒரு பெயர் குறிப்பு வேண்டும். தோட்டம் மட்டும் 3 வீதம் கட்டும் ஈடிஎஃப்புக்கும் தனியாகப் பாருங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தால் அங்கே காப்புறுதிக் காசும் உண்டு. பேங்க் புத்தகம், மரண உதவிச் சங்கம் எல்லாமே தனித்தனிதான்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீட்டில் இருந்தவர்களில் பலர் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அன்றிலிருந்து புருஷன் பெயருக்குப் பெண்சாதி, பெண்சாதி பெயருக்குப் புருஷன் என்று மட்டும் எழுத நான் விடுவதில்லை. ஒரே கூரையின் கீழ் தூங்குகிறவர்கள் ஒரே நாளில் போகலாம். பிள்ளைகளையும் சேர்த்து, ஆளுக்கு எத்தனை வீதம் என்று எழுதச் சொல்கிறேன். 18 வயது ஆகாத பிள்ளை என்றால் காசைப் பொறுப்பேற்க வேறு வீட்டில் இருக்கும் ஒருவரைக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு பெயரைக் கொடுங்கள். சித்தியோ தாய்மாமனோ, பிள்ளை நம்பிப் போகிற ஆளாக இருக்கட்டும்.

மாற்றுவதற்குக் கம்பெனியின் படிவம் இருக்கிறது. அதைக் கிளை அலுவலகத்தில் நேரே கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். "நான் பாத்துக்கிறேன்" என்று ஏஜண்ட் சொன்னால் மட்டும் போதாது. மாற்றியாயிற்று என்று கம்பெனி அனுப்பும் கடிதம் கைக்கு வரும்வரை விசாரித்துக்கொண்டே இருங்கள். வந்ததும் ஃபோனில் படம் பிடித்து, கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.