பணியிடத்தில் ஒப்புரவு

கல்வி முடித்து வெளிச்செல்லும் மாணவர் எவர்க்கும் அடுத்து வாய்ப்பது பணியுலகமாகும். அவ்வுலகிற் புகுவார் இந்நாளில் முதன்முதற் காண்பது பெரும்பாலும் ஒரு பயிற்சி வகுப்பு. சமன்மை, அரவணைப்பு, பணியாளர் நலம் என்னும் மூன்று பொருள் பற்றியும் அங்கே உரை நிகழும்; திரையிற் படங்கள் ஓடும்; இறுதியிற் சில வினாக்கள் விடுக்கப்படும்; விடையிறுத்தார்க்குச் சான்றிதழ் ஒன்று கிடைக்கும். அதனோடு அமைந்து, மறுநாள் பழைய வழியே நடத்தல் பலர்க்கு வழக்கமாயிற்று. இப்பயிற்சி எதனால் எழுந்தது, எவ்வளவு பயன் தரும், எவ்விடத்துப் பயனின்றி ஒழியும் என்பவற்றை இக்கட்டுரையின்கண் யாம் எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு ஆராயப் புகுகின்றோம்.

1. சொற்பொருள்

முதலாவது, சமன்மை என்பது எல்லார்க்கும் ஒன்றையே கொடுத்தல் அன்று. மாடிப்படிகள் எல்லார்க்கும் பொதுவே. ஆயினும், சக்கர நாற்காலியில் வருவார்க்கு அப்படிகள் மதிற்சுவராய் நிற்கும். அவர்க்குச் சாய்தளம் அமைத்தலே சமன்மை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடம் அவர்க்கு ஒதுக்கியதோடு அமையாது, பணியிடத்தை அவர்க்கேற்பத் தக்கவாறு மாற்றியமைத்தலையும் கடமையாக விதித்தது இக்கருத்துப் பற்றியே.

இரண்டாவது, அரவணைப்பு என்பது ஒருவரை உள்ளே விடுதலோடு முடிவதன்று. கூட்டத்தில் ஒருவர்க்கு இருக்கை உண்டு. ஆனால் அவர் சொல்லைக் கேட்பார் இலர் எனின், அவர் இன்னும் வாயிற்புறத்தே நிற்பவரே ஆவர்.

மூன்றாவதாகிய நலம் உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே தழுவியது.

இம்மூன்றையும் ஒரு சொல்லில் அடக்க விரும்பி, 'ஒப்புரவு' என்பதனை இக்கட்டுரைக்குத் தலைப்பாகக் கொண்டோம். உலகத்தோடு பொருந்தி, பிறர்க்குப் பயன்பட வாழ்தல் என்னும் பொருளில் வள்ளுவர் அச்சொல்லை ஆண்டு ஓர் அதிகாரமே வகுத்தார். கிறித்தவத் தமிழில் அதுவே, பிரிந்தார் மீண்டும் கூடுதல் என்னும் பொருளில் வழங்குகின்றது. பொருந்துதலும் பிரிந்தார் கூடுதலும் ஆகிய இரண்டும் பணியிடத்திற்கு வேண்டுவனவே.

2. சட்டம் பிறந்த வரலாறு

இராசத்தான் மாநிலத்தில் பட்டேரி என்னும் சிற்றூரிற் பன்வாரி தேவி என்பார் அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர்ப்பணியாளராக இருந்தார். அவர் குயவர் குலத்தினர். 1992-ஆம் ஆண்டில், தம் பணிக்கடமை பற்றி, ஒரு குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றார். அதன் பொருட்டு, ஆதிக்கம் மிக்க சாதியினர் சிலரால் தாம் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டதாக அவர் முறையிட்டார். 1995-ஆம் ஆண்டில் விசாரணை நீதிமன்றம் அவ்வன்கொடுமைக் குற்றச்சாட்டினின்றும் எதிரிகளை விடுவித்தது. ஆயினும் வழக்கு அங்கே முடிந்துவிடவில்லை. ஒருத்தி தன் பணியைச் செய்ததனாலேயே துன்புறுவாளாயின், அவளைக் காக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினாவை எழுப்பி, மகளிர் அமைப்புகள் 'விசாகா' என்னும் பெயரால் உச்சநீதிமன்றத்தை அடைந்தன. 1997 ஆகஸ்டு 13-ஆம் நாள், பணியிடத்துப் பாலியற் கொடுமையைத் தடுக்கும் நெறிமுறைகளை அம்மன்றம் வகுத்தது. பதினாறு ஆண்டு கழித்து, 2013-இல், அவை சட்டமாயின.

பத்துப் பேரும் அவர்க்கு மேற்பட்டாரும் பணிபுரியும் ஒவ்வோரிடத்தும் உட்குழு ஒன்று அமைதல் வேண்டும். அதற்குத் தலைமை தாங்குபவர் பெண்ணாதல் வேண்டும். உறுப்பினருட் பாதிக்குக் குறையாதார் பெண்டிராதல் வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெறல் வேண்டும் என்பன அச்சட்டத்தின் கூறுகள். அதன் 19-ஆம் பிரிவு, பணியாளர்க்கு விழிப்புணர்வு வகுப்புகளைக் காலந்தோறும் நடத்துதல் பணிகொடுப்போர் கடமை என்கின்றது. ஆதலின் இப்பயிற்சியை முதலாளியின் அருட்கொடை என எண்ணற்க. ஓர் ஏழைப் பெண் வாய்திறந்து முறையிட்டதன் விளைவு அது என்பதை நினைவிற் கொண்டு அமர்வோர், அவ்வகுப்பிற் கண்ணயரார்.

3. பயிற்சியின் எல்லை

இனி, வகுப்பு ஒன்றினாலே மனம் மாறுமோ எனின், அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவாம். 2018 ஏப்பிரல் 12-ஆம் நாள் பிலடெல்பியா நகரத்தில், ஸ்டார்பக்ஸ் என்னும் காப்பிக் கடையில் கறுப்பினத்தார் இருவர் நண்பர் ஒருவரை எதிர்நோக்கி அமர்ந்திருந்தனர். பொருளொன்றும் வாங்கவில்லை என்பது பற்றிப் போலீசார் வரவழைக்கப்பட்டனர். இருவரும் கைவிலங்கிடப்பட்டுச் சென்றனர். நாடெங்கும் கண்டனம் எழவே, மே 29-ஆம் நாள் பிற்பகலில் அந்நிறுவனம் தன் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை அடைத்து, ஏறத்தாழ 1,75,000 பணியாளர்க்கு இனச்சார்பு பற்றிய பயிற்சி அளித்தது. பொருள் வாங்காதாரும் கடையில் அமரலாம் என்னும் விதியும் அம்மாதத்திலேயே செய்யப்பட்டது. 2025-ஆம் ஆண்டில் அவ்விதி மாற்றப்பட்டது. ஒரு பிற்பகற் பாடத்தின் வலிமை எத்துணை என்பதை இதனால் ஒருவாறு உணரலாம்.

ஃப்ராங்க் டாபின், அலெக்சாண்டிரா கலெவ் என்னும் சமூகவியலார் இருவர், 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பதாண்டுச் செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2016-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கட்டாயத்தின் பேரில் நடத்தப்பெறும் பயிற்சியால் உயர்பதவிகளிற் பெண்டிரும் சிறுபான்மையரும் பெருகவில்லை. சிலவிடத்து அவர் தொகை குறைந்தது என்பது அவர் கண்ட முடிபு. அச்சுறுத்திப் புகட்டும் பாடத்தை மனம் எதிர்க்கின்றது என்பர். தாமே விரும்பி வந்து கற்கும் வகுப்பும், மூத்த பணியாளர் இளையார் ஒருவரைக் கைதூக்கி வழிகாட்டும் ஏற்பாடும் நற்பயன் விளைத்தன. இதனால் பயிற்சியே வேண்டா என முடித்தல் பிழையாகும். பயிற்சி விதைபோல்வது, நிலத்தைப் பண்படுத்தாது விதைத்தவன் விதையை நோதல் தகாது.

4. நாற்காலி ஒன்றன் வரலாறு

பண்படுத்துதல் யாது எனின், அதற்கு ஒரு நாற்காலியே விடை கூறும். துணிக்கடைகளில் விற்பனைப் பெண்டிர் காலை முதல் இரவு வரை நின்றவண்ணம் பணிசெய்தலை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். பொருள் வாங்க வந்தார் இல்லாத வேளையிலும் சுவரிற் சாய்தல் கூடாது. கால் வீங்கும், நரம்பு புடைக்கும், கழிப்பறைக்குச் செல்லுதற்கு அஞ்சி நீர் அருந்தாதாரும் உளர்.

நின்று பணிசெய்யும் ஆலைத்தொழிலாளர்க்கு இயன்றபோது அமர இருக்கை தருதல் வேண்டும் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. கடைத்தொழிலாளரோ அதற்கு வெளியே நின்றனர். கேரளத்திற் கோழிக்கோட்டுக் கடைத்தெருவில் தையற்றொழில் செய்த விஜி என்பார் தலைமையில் மகளிர் 'பெண்கூட்டு' என்னும் அமைப்பிற் சேர்ந்து, அமரும் உரிமையும் கழிப்பறை வசதியும் வேண்டிப் பல்லாண்டு போராடினர். 2018-இல் அம்மாநிலம் கடைகள் பற்றிய சட்டத்தைத் திருத்தியது. 2021-ஆம் ஆண்டில் தமிழ்நாடும், தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்து, பணியாளர் அனைவர்க்கும் தக்க இருக்கை அமைத்தல் வேண்டும் என விதித்தது.

இதன்கண் நாம் கற்கும் பாடம் எளிது. பெண்டிரை மதித்தல் வேண்டும் என்று நூறு முறை உரைத்தலினும், அவர்க்கு ஒரு நாற்காலி இடுதல் உரத்த பேச்சாகும். நாற்காலி இட்ட பின்னும், அதில் அமர்ந்தவளை மேற்பார்வையாளர் முறைத்து நோக்குவாராயின், அவ்விடத்தே பயிற்சி வேண்டற்பாலது. பொருளும் பாடமும் ஒன்றற்கொன்று துணை என்க.

5. நிலையும் நலமும்

சமன்மை வேறு, நலம் வேறு எனக் கருதுவார் உளர். இரண்டும் ஒரு கொடியின் இரு காய்கள் என்பதற்கு இங்கிலாந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்று சான்றாம். 1967-ஆம் ஆண்டு தொடங்கி, இலண்டன் வைட்ஹால் அலுவலகங்களிற் பணிபுரிந்த ஏறத்தாழ 18,000 ஆடவரின் உடல்நிலை ஆராயப்பட்டது. அனைவரும் நிலையான சம்பளம் பெற்ற அரசுப் பணியாளர். ஆயினும், வாயில் காப்போரும் கடிதம் சுமப்போருமாகிய கடைநிலையாரிடத்து, உயர்நிலையாரினும் ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியான இறப்பு காணப்பட்டது. புகைபிடித்தல், குருதியழுத்தம் முதலியன இவ்வேறுபாட்டில் ஒரு பகுதியையே விளக்கின. 1985-இல், பெண்டிரையும் சேர்த்து 10,308 பேரிடம் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியில் மைக்கேல் மார்மட் முதலிய அறிஞர், தம் வேலையைத் தாமே நடத்தும் உரிமை குறைந்தாரிடத்து இதய நோய் மிகுந்திருத்தலைக் கண்டனர். பிறர் ஏவலையே நாள் முழுதும் நோக்கி நிற்றல் ஒருவன் இதயத்தையே தேய்க்கின்றது.

உள்ளநோயும் இத்தகையதே. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என உலக நலவாழ்வு நிறுவனம் 2022-ஆம் ஆண்டிற் கணக்கிட்டது. அதனைத் தடுக்க அந்நிறுவனம் கூறிய வழிகளில், மேலாளர்க்குப் பயிற்சி அளித்தலும் ஒன்று, பணியின் அமைப்பையே திருத்துதலும் ஒன்று. தாங்கவொண்ணாச் சுமையை ஏற்றிவிட்டுத் தாங்கும் முறையைக் கற்பித்தல் மருத்துவமாகாது.

6. எம் குற்றம்

இத்துணையும் பிறரைப் பற்றிப் பேசினோம்; இனி எம்மைப் பற்றியும் கூறுதல் கடன். யாம் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு பரிமாறும் முதியவர் ஒருவர் இருந்தார். எம் தந்தையரினும் மூத்தவர். அவரை யாம் அனைவரும் ஒருமையிற் பெயர் சொல்லி அழைத்து வந்தோம்; அவரோ எம்மைத் 'தம்பி, வாங்க' என்றே அழைப்பார். ஒருநாள் பணியிட ஒழுக்கம் பற்றி மாணவர்க்கு ஓர் உரை நிகழ்ந்தது. முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தோம். உரை நீண்டமையால் உணவுக்குக் காலந்தாழ்த்துச் சென்றோம். சோறு ஆறியிருந்தது. எம்முள் ஒருவர் அம்முதியவரை நோக்கிக் கூவினார், ஏனையோர் தடுத்திலோம். அவர் மறுமொழி கூறாது குழம்பைச் சுடவைத்துக் கொணர்ந்து ஊற்றி, 'கூட்டம் எதைப் பத்தி, தம்பி?' என்று வினவினார். விடை கூற எமக்கு நா எழவில்லை.

மறுநாள் யாம் அவரை 'ஐயா' என்று அழைத்தபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேறு எவரையோ அழைக்கின்றோம் என எண்ணினார் போலும். அன்றுதான் அவர் உண்ணும் வேளையையும் இடத்தையும் முதன்முதல் வினவினோம். எல்லார்க்கும் பரிமாறிய பின், மூன்று மணிக்கு, அடுக்களையிற் கவிழ்த்துவைத்த பெட்டியொன்றின்மீது அமர்ந்து உண்பதாகக் கூறினார். விடுதிக் குழுவினரிடம் இதனைச் சொன்னோம்; இரண்டு பெஞ்சுகள் வந்தன. உண்ணும் வேளை மட்டும் மாறவில்லை.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் துணியப்படுவன நான்கு. பயிற்சி, அலுவலகத்து அறைகளோடு நில்லாது, பெருக்குவார், பரிமாறுவார், காவல் நிற்பார் அனைவரையும் தழுவுதல் வேண்டும். அஃது அச்சமூட்டாது, வினாவுக்கு இடந்தருதல் வேண்டும். முறையிடுவார்க்குக் காவலும் உடனிருத்தல் வேண்டும். பாடம் முடிந்தபின் இருக்கை, வேலைநேரம், ஊதியம், ஓய்வு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாவது மாறியிருத்தல் வேண்டும்.

வினைசெய்வார் நிலையை மன்னன் நாள்தோறும் ஆராய்தல் வேண்டும் என்பது 'தெரிந்துவினையாடல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இறுதியாக வைத்த கருத்து. வினையாளர் நெறி பிறழாமை நோக்கி அவர் அதனைக் கூறினார். வினை தருவார் நெறி பிறழாமைக்கும் அதுவே மருந்து என யாம் கொள்கின்றோம். ஆண்டுக்கொரு முறை அளிக்கும் சான்றிதழ் நாள்தோறும் செய்யும் ஆராய்ச்சிக்கு ஈடாகாது.

நம்முட் பலர் நாளை மேலாளர் ஆவர்; ஆசிரியர் ஆவர்; கடை வைப்பாரும் உளராவர். அன்று நமக்குக் கீழ்ப் பணிசெய்வார் எங்கே அமர்கின்றார், எப்பொழுது உண்கின்றார், நாம் அவரை எச்சொல்லால் அழைக்கின்றோம் என்னும் மூன்று வினாவையும் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக. அவற்றிற்கு நாணாது விடை கூற வல்லராயின், கற்ற பயிற்சி நமக்குப் பலித்தது எனலாம்.