அச்சமே போரின் வித்து

போர்கள் ஏன் மூள்கின்றன? ஆசையும் ஆணவமும் கொண்ட சிலரே காரணம் என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். சர்வதேச உறவுகளை ஆராய்ந்த அறிஞர்கள் இந்த விடையோடு நின்றுவிடவில்லை. கென்னத் வால்ட்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1959-இல் வெளியிட்ட நூலில் போரின் காரணங்களை மூன்று நிலைகளில் ஆராய்ந்தார். மனித இயல்பு முதல் நிலை. நாடுகளின் உள்ளமைப்பு இரண்டாவது. நாடுகளுக்கு மேல் நின்று காக்கும் அதிகாரம் எதுவும் இல்லாத உலக அமைப்பு மூன்றாவது.

மூன்றாவது நிலை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. தன்னைக் காக்க வேறு எவருமில்லை என்று கருதும் நாடு, தற்காப்புக்காக ஆயுதம் சேர்க்கிறது. அண்டை நாட்டின் கண்ணுக்கு நோக்கம் தெரிவதில்லை. ஆயுதம் மட்டுமே தெரிகிறது. எனவே அதுவும் ஆயுதம் சேர்க்கிறது. இருவருமே விரும்பாத போரை இருவரும் நெருங்குகின்றனர். ஜான் ஹெர்ஸ் என்ற அறிஞர் 1950-இல் இந்நிலையைப் 'பாதுகாப்பு இக்கட்டு' என்று குறித்தார்.

இந்த இக்கட்டு நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. காக்க வேண்டிய அரசு செயலிழக்கும்போது, ஒரே நாட்டில் வாழும் சமூகங்களும் இதில் சிக்கும் என்று பாரி போசன் 1993-இல் எழுதினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மும்பை பற்றியெரிந்தது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் சுமார் 900 பேர் உயிரிழந்தனர். சுவரோடு சுவர் ஒட்டி மக்கள் வாழும் தாராவியும் தப்பவில்லை. இத்தகைய நாள்களில், 'அவர்கள் தாக்க வருகிறார்கள்' என்ற ஒரு வதந்தி போதும். காவலுக்காக ஒரு சந்தில் கூடி நிற்போர், எதிர்ச்சந்தின் கண்ணுக்குத் தாக்க வந்த படையாகத் தோன்றுவர்.

இதனால், திட்டமிட்டுத் தாக்கியவர்களின் குற்றம் குறைந்துவிடாது. நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் 1998-இல் அளித்த அறிக்கை அதைத் தெளிவாகப் பதிவு செய்துள்ளது. ஆனால் தூண்டுவோரின் கருவி சாமானியரின் அச்சமே என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் அமைதிக்கு வழி எது? மும்பையை அடுத்த விசைத்தறி நகரமான பிவண்டி விடை தருகிறது. 1970-லும் 1984-லும் கொடிய கலவரங்களைக் கண்ட ஊர் அது. காவல்துறை அதிகாரி சுரேஷ் கோப்டே 1988-இல் அங்கே மொஹல்லா குழுக்களை, அதாவது குடியிருப்பு வட்டாரக் குழுக்களை, அமைத்தார். இந்துக்களும் முஸ்லிம்களும் காவலரோடு சேர்ந்தமர்ந்து பேசினர். மும்பை எரிந்தபோது பிவண்டி அமைதி காத்தது. 1962-இல் கியூபா நெருக்கடியில் அணு ஆயுதப் போரின் விளிம்பைத் தொட்டு மீண்ட வாஷிங்டனும் மாஸ்கோவும், மறு ஆண்டே தங்களுக்குள் நேரடித் தொடர்பு அமைத்துக்கொண்டதும் இதே காரணத்தால்தான். ஐயம் எழுந்தவுடன் கேட்டுத் தெளிய ஒரு வழி வேண்டும்.

அண்டை வீட்டாரோடு புன்னகைத்துப் பழகினால் போதாதா என்று கேட்கலாம். அஷுதோஷ் வார்ஷ்னே இந்திய நகரங்களை ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்ட ஆய்வு, அது மட்டும் போதாது என்கிறது. தொழிற்சங்கம், வணிகர் சங்கம் போன்று இரு சமூகத்தாரும் சேர்ந்து நடத்தும் அமைப்புகளே பெரும் புயலைத் தாங்குகின்றன. கலவரத்திற்குப் பின் மும்பையிலும் மொஹல்லா குழுக்கள் தோன்றின. தாராவியில் பாவு கோர்டேயும் வக்கார் கானும் இணைந்து ஆற்றிய நல்லிணக்கப் பணி 2003-இல் ஆவணப்படமாகவும் வெளிவந்தது.

அச்சம் நம் மனத்தில் தோன்றுவது. ஆதலால் அதை வெல்லும் முயற்சியும் அங்கேயே தொடங்க வேண்டும். ஆயினும் அது மனத்தோடு நின்றுவிடலாகாது. தீ மூண்டபின் கிணறு வெட்டுவதால் பயனில்லை. அமைதி நிலவும் நாள்களே அமைதிக்காக உழைக்க வேண்டிய நாள்கள்.

சிந்தனைக்கு:
1. பிற சமூகத்தாரோடு சேர்ந்து நாம் பொறுப்பேற்று நடத்தும் பணி ஏதேனும் உண்டா?
2. ஒரு வதந்தி நம்மை வந்தடைந்தால், உண்மையைக் கேட்டறிய எதிர்த்தெருவில் நமக்கு யார் இருக்கிறார்?