சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு நாள்

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் கிருஷ்ணன்கோவிலில் இறங்குங்கள். வத்திராயிருப்பு பஸ் ஏறினால் வழியிலேயே சுந்தரபாண்டியம். தெருக்களில் தறிச்சத்தம் கேட்கும். சேலை வாங்க நினைத்தால் கைத்தறியா, விசைத்தறியா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

அருகிலுள்ள பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி, தை மாதங்களில் போவது நல்லது. சித்திரை வெயிலில் பாறையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

சாம்பல் நிற அணிலைப் பார்க்க ஆசையா? விடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமுள்ள செண்பகத்தோப்புக்குப் போய்விடுங்கள். 1988-இல் இந்த அணிலுக்காகவே சரணாலயம் அமைத்தார்கள். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அடங்குகிறது. அணில் தரைக்கு இறங்குவது அபூர்வம். அதனால் புளி, மா மரங்களின் உச்சிக்கிளைகளில் சுள்ளியும் இலையும் உருண்டையாகத் திரண்ட கூட்டை முதலில் தேடுங்கள். பிறகு பேசாமல் நில்லுங்கள். பாட்டுப் பெட்டியோடு வருகிறவர்களுக்குக் குரங்குதான் கிடைக்கும், அதுவும் கையிலிருக்கும் பையைக் குறிவைத்து.

சதுரகிரி மலை ஏறுவதானால் அடிவாரமான தாணிப்பாறையில் அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் முன்பே விசாரியுங்கள். மலையில் மழை இருட்டினால் ஓடையைக் கடக்கவே வேண்டாம். 2015 மே மாதம் திடீர் வெள்ளத்தில் இங்கே பக்தர்கள் உயிரிழந்திருக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைத் திரும்பும்போது வாங்குங்கள். வெயிலில் காரில் வைத்தால் புளித்துவிடும்.