கார்டைத் திருப்பிப் போடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

கார்டை வெளியே எடுத்து, லாக்கைத் தள்ளி, டப்பாவில் போட்டுவிட்டாய்தானே? நேற்று ராத்திரி போனில் அது ஒன்றை மட்டும்தான் சொன்னேன். நீ அழுதுகொண்டிருந்தாய். அந்த நேரத்தில் காரணம் சொன்னால் காதில் ஏறாது. அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதிக் கொடுத்தால் கேமராப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். இந்தத் தொழிலில் இருக்கும்வரை இன்னும் நாலைந்து தடவையாவது உனக்கு இது நடக்கும்மா.

வளைகாப்புப் படமெல்லாம் போய்விட்டது என்றாய். கேமரா அப்படிச் சொல்லவில்லையே. கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய் என்றுதான் சொன்னது. இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

முகூர்த்த நாளில் மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாட்ஜை நினைத்துக்கொள். எல்லா அறையும் நிரம்பியிருக்கிறது. எந்த அறையில் யார் என்பது முன்மேஜையில் இருக்கும் ரிஜிஸ்டரில் இருக்கிறது. மெமரி கார்டும் அப்படித்தான். தொடக்கத்தில் கொஞ்ச இடம் ரிஜிஸ்டருக்கு, மிச்சமெல்லாம் அறைகள். 32 ஜிபி வரைக்கும் உள்ள எஸ்டிஹெச்சி கார்டில் அந்த ரிஜிஸ்டர் எழுதும் முறைக்கு ஃபேட் 32 என்று பெயர். அதற்கு மேலே உள்ள எஸ்டிஎக்ஸ்சி கார்டில் எக்ஸ்ஃபேட். கேமரா ஒரு படத்தை அறையில் வைத்துவிட்டு ரிஜிஸ்டரில் அதன் பெயரை எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் பேட்டரி தீர்ந்தாலோ, நீ மூடியைத் திறந்தாலோ, அந்தப் பக்கம் அரைகுறையாக நின்றுபோகும். அடுத்த தடவை கேமரா அதைப் புரட்டும்போது ஒன்றும் விளங்காது. புது ரிஜிஸ்டர் போடட்டுமா என்று உன்னைக் கேட்கும். அதுதான் ஃபார்மட். அறைகளில் ஆட்கள் அப்படியே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் ரிஜிஸ்டரை மட்டும்தான் மாற்றும். டெலீட்டும் அதே கதைதான். ஃபேட் 32 கார்டில் ஒரு படத்தை டெலீட் செய்தால், அதன் பெயரில் முதல் எழுத்தின் மேல் ஒரு குறி விழும், அந்த அறைகள் காலி என்று எழுதப்படும். படம் அறையை விட்டு நகராது. அதற்குப் பிறகு நீ எடுக்கும் அடுத்த படம்தான் ஆபத்து. காலி என்று எழுதியிருக்கும் அறைக்கு அது வந்து, உள்ளே இருப்பவரைத் துரத்திவிடும். அப்புறம் யார் வந்தாலும் மீட்க முடியாது.

2009இல் நான் செய்தது அதைத்தான். ஓர் அறுபதாம் கல்யாணம். பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் ஆளுக்கொரு சொம்பு கலச நீரை அந்தத் தம்பதியின் தலையில் ஊற்றியதையெல்லாம் ஒரே கார்டில் எடுத்திருந்தேன். தாலி கட்டப் பத்து நிமிடம் இருக்கும்போது கேமரா ஃபார்மட் கேட்டது. கையில் வேறு கார்டு இல்லை. அமுக்கிவிட்டேன். அதே கார்டில் பந்தி வரைக்கும் எடுத்தேன். ராத்திரி மீட்க உட்கார்ந்தால் காலையில் எடுத்தவற்றில் கடைசிச் சில படங்கள்தான் வந்தன. ஒரு படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேல் கால்பங்கில் அந்த அம்மாவின் நனைந்த தலை, அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறப் பட்டை. ஆல்பத்தில் அந்த இரண்டு பக்கத்தையும் வாசல் கோலத்தைப் போட்டு நிரப்பினேன். அந்த அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி ஊத்துனது இல்லையா தம்பி?" என்று கேட்டார். அடுத்த வருஷம் ஐயா இறந்துவிட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை பாப்பா. கார்டை வெளியே எடு என்று நேற்று உன்னிடம் கத்தியது அதனால்தான்.

கேமரா கார்டில் எழுதும்போது எரியும் சிவப்பு விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கார்டுக்குள் இருப்பது ஃப்ளாஷ் மெமரி. 1980களில் ஜப்பானில் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது. அதில் ஒரு கட்டம் முழுவதும் ஒரே மூச்சில் அழிவதைப் பார்த்த அவருடைய சக ஊழியர் ஷோஜி அரீஸுமி, கேமரா ஃப்ளாஷ் மாதிரி இருக்கிறதே என்று சொல்ல, அதுவே பெயராகிவிட்டது. நம் தொழிலிலிருந்து போன பெயர்! அந்த அமைப்பில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானாலும் அந்த இடத்திலேயே அடித்து எழுத முடியாது. கார்டுக்குள் இருக்கும் குட்டிச் சிப் அதை வேறிடத்தில் புதிதாக எழுதிவிட்டு, பழைய கட்டத்தைப் பிறகு அழிக்கும். நீ ஷட்டரிலிருந்து விரலை எடுத்த பிறகும் இந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு அணைகிறவரை மூடியில் கை வைக்காதே. பேட்டரி கடைசிக் கோட்டுக்கு வந்தால் அப்போதே மாற்று, இன்னும் பத்துப் படம் தாங்கும் என்று பார்க்காதே.

சரி, இன்றைக்குச் செய்ய வேண்டியது. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், எடுத்த எடுப்பில் மென்பொருளைத் தேடக் கூடாது.

கார்டைத் திருப்பிப் பார். பின்பக்கத்தில் தங்க நிறப் பட்டைகள் இருக்கின்றன அல்லவா, கேமராவும் கார்டும் பேசிக்கொள்வது அவை வழியாகத்தான். வளைகாப்பில் உன்னையும் கூப்பிட்டுச் சந்தனம் பூசச் சொல்லியிருப்பார்கள். அந்தக் கையோடு கார்டை மாற்றியிருப்பாய். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மங்கலாக ஒரு படலம் தெரியும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு, ஒரே திசையில் மெல்லத் துடைத்துக் காயவிடு. அழிரப்பரால் தேய்க்காதே, அதன் துகள் ஸ்லாட்டுக்குள் போய் அடுத்த வம்பைக் கொண்டுவரும். அடாப்டரில் செருகிய மைக்ரோ எஸ்டி என்றால் முதலில் அடாப்டரை மாற்று. நல்ல கார்டைக் கெட்டதாகக் காட்டுவதில் அடாப்டருக்கு நிகர் எதுவும் இல்லை.

அடுத்தது ரீடர். கார்டு செத்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்து கொடுத்தவற்றில் பல, ரீடரை மாற்றியதும் எழுந்து உட்கார்ந்திருக்கின்றன. 64 ஜிபி கார்டெல்லாம் வருவதற்கு முன்னால் செய்த பழைய ரீடர் பலவற்றுக்கு அந்தக் கார்டைப் படிக்கத் தெரியாது. நல்ல ரீடராக ஒன்றை இரவல் வாங்கி, வேறொரு லேப்டாப்பில் போட்டுப் பார்.

லேப்டாப்பும் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்று அமுக்கு. பிழையைத் தேடிச் சரிசெய்யட்டுமா என்று நல்ல பிள்ளை மாதிரிக் கேட்கும், அதற்கும் வேண்டாம். சரிசெய்வது என்றால் கிழிந்த ரிஜிஸ்டரில் தன் யூகத்துக்கு எதையாவது எழுதிவைப்பது. பிரதி எடுக்கும் முன் கார்டில் யாரும் எதையும் எழுதக் கூடாது. லாக்கைத் தள்ளச் சொன்னதும் இதற்குத்தான், ஆனால் அதை மட்டும் நம்பிவிடாதே. அது உள்ளே எதையும் பூட்டுவதில்லை. ஓரத்தில் நகரும் வெறும் பிளாஸ்டிக் துண்டு அது. எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஸ்லாட்டில் உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் தடவிப் பார்க்கும், எல்லா ரீடரும் அதை மதிக்காது. இந்தத் துண்டு தளர்ந்துபோனால், நீ லாக் செய்யாமலே கார்டு லாக் ஆகியிருக்கிறது என்று கேமரா அடம்பிடிக்கும். செலோ டேப் ஒட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு. டேப் உரிந்து ஸ்லாட்டுக்குள் சிக்கியதை நான் பார்த்திருக்கிறேன். படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு கார்டை மாற்றிவிடுவதுதான் நல்லது.

இப்போது லேப்டாப்பில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, கார்டு எத்தனை ஜிபி என்று காட்டுகிறது என்று பார். உன் 64 ஜிபி கார்டுக்கு 59 சொச்சம் காட்டினால் சரி. கார்டின் சிப் உயிரோடு இருக்கிறது, கிழிந்தது ரிஜிஸ்டர்தான். 0 என்று காட்டினாலோ, கார்டு இருப்பதே தெரியாவிட்டாலோ சிப்பில் கோளாறு. அதற்கு வீட்டில் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. டேட்டா மீட்பு லேபுக்குத்தான் போக வேண்டும், செலவும் அதிகம். ஃப்ரீசரில் வை, வெயிலில் வை என்று யாராவது சொன்னால் கேட்காதே.

சிப் உயிரோடு இருந்தால், முதலில் கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக, அதாவது டிஸ்க் இமேஜாக, லேப்டாப்பில் பிரதி எடு. சாகப்போகும் கார்டாக இருந்தால் அதைப் பலமுறை படிக்கவைப்பதே அதற்கு எமன். ஒரு தடவை படித்துப் பத்திரப்படுத்திவிட்டால், பிறகு எத்தனை முயற்சி வேண்டுமானாலும் பிரதியில் செய்யலாம். மீட்பதற்கு ஃபோட்டோரெக் போதும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். அது ரிஜிஸ்டரை நம்புவதில்லை, ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டிப் பார்க்கும். ஜேபெக் படம் எதுவானாலும் அதன் முதல் இரண்டு பைட்டும் எஃப்எஃப், டி8 என்றுதான் இருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் படம் ஒன்று தொடங்குகிறது என்று புரிந்துகொண்டு வெளியே எடுத்துவிடும். உன் கேமராவின் ரா கோப்பையும் அப்படியே அடையாளம் காணும். எடுத்ததை எங்கே வைக்க என்று கேட்கும்போது லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரைக் காட்டு. பாதி மீட்ட படத்தைப் பழைய கார்டிலேயே எழுதி மிச்சத்தைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கோப்புகளின் பழைய பெயர்கள் வராது. பெயர் ரிஜிஸ்டரில்தானே இருந்தது! எஃப் என்று தொடங்கி வெறும் எண்ணாக நூற்றுக்கணக்கில் வந்து குவியும், மிரளாதே. எடுத்த தேதியும் நேரமும் எக்ஸிஃப் தகவலாகப் படத்துக்குள்ளேயே இருக்கின்றன. எடுத்த நேரப்படி வரிசைப்படுத்தினால் முதல் வளையலிலிருந்து கடைசிச் சாதம் வரைக்கும் ஒழுங்காக நிற்கும்.

வீடியோவைப் பற்றி உனக்கு ஆசை காட்ட மாட்டேன். பெரிய கோப்பு, ஒரே குடும்பத்தை நாலு மாடியில் பிரித்துத் தங்கவைத்த மாதிரி துண்டு துண்டாகக் கிடக்கலாம். கதவைத் தட்டுகிறவருக்கு எந்தத் துண்டு எதனுடையது என்று தெரியாது. போதாததற்கு, பல கேமராக்கள் எம்பி4 கோப்பின் உள்குறிப்பை ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதுகின்றன. நடுவில் மின்சாரம் போனால் குறிப்பில்லாத கோப்புதான் மிஞ்சும். வந்தால் சந்தோஷம்.

ஒரு சந்தேகம் கேட்கிறேன். அந்தக் கார்டை எங்கே, என்ன விலைக்கு வாங்கினாய்? பாதி விலைக்குக் கிடைத்தது என்றால் போலியாக இருக்கலாம். 16 அறை உள்ள லாட்ஜில் 128 அறைக்கு ரிஜிஸ்டர் எழுதிவைப்பதுதான் போலிக் கார்டு. 17ஆவது ஆள் வரும்வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்கு மேல் வருகிறவர்கள் ரிஜிஸ்டரில் இருப்பார்கள், அறை இருக்காது. சில படங்கள் நன்றாகத் திறந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு எதுவுமே திறக்கவில்லை என்றால் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். புதுக் கார்டு எதுவானாலும், பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும், கல்யாணத்துக்கு எடுத்துப்போகும் முன்னால் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலோ லினக்ஸிலோ எஃப்3 போட்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதனை செய். சில மணி நேரம் ஓடும், ஓடட்டும்.

வீடியோ தானாக நடுவில் நின்றுபோகிறது என்று போன மாதம் சொன்னாயே, அது பெரும்பாலும் வேகக் குறைச்சல். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் 12.5 மெகாபைட், இடைவிடாமல் எழுதியாக வேண்டும். கார்டில் பெரிதாக அச்சடித்திருக்கும் வேக எண் பெரும்பாலும் படிக்கும் வேகம். நீ பார்க்க வேண்டியது சின்னதாக இருக்கும் வி30 என்ற குறியை. குறையாமல் நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்று அர்த்தம்.

இனிமேல் உன் கேமராவுக்கு ஒரு ஸ்லாட்தான் என்பதை மறக்காதே. 128 ஜிபி ஒன்றை நிரப்புவதைவிட 32 ஜிபி நாலு வைத்துக்கொண்டு, நலங்குக்கு ஒன்று, முகூர்த்தத்துக்கு ஒன்று என்று மாற்று. ஒன்று போனாலும் கல்யாணமே போகாது. மண்டபத்தில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக டெலீட் செய்யாதே. கண்ணை மூடிய படமும் வீட்டுக்கு வரட்டும். இரண்டு இடத்தில் பிரதி எடுத்த பிறகு, எந்தக் கேமராவில் போடப்போகிறாயோ அந்தக் கேமராவிலேயே ஃபார்மட் செய். இந்தக் கார்டை, படம் எல்லாம் வந்துவிட்டாலும், சோதனை செய்யாமல் மறுபடி பயன்படுத்தாதே. ஒரே ஒரு பிழை காட்டினாலும் கத்தரியால் வெட்டிப் போடு. கார்டின் விலைக்காக அதைப் பையில் வைத்திருக்காதே.

வளைகாப்புப் பெண்ணின் அம்மாவுக்கு இன்றே போன் செய்து, கார்டில் கோளாறு, மீட்டுக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளதைச் சொல். ஆல்பம் பார்க்கும் நாளில் அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்கிற நிலைமையை மட்டும் வரவிடாதே.

ரீடரை மாற்றிப் பார்த்ததும், எத்தனை ஜிபி காட்டுகிறது என்று எனக்குச் சொல். வியாழக்கிழமை முகூர்த்தம் இருக்கிறது, மற்ற நாளெல்லாம் ஸ்டுடியோவில்தான் இருப்பேன். எந்த நேரமானாலும் கூப்பிடு. அதுவரை அந்தக் கார்டைக் கேமராவில் திருப்பிப் போடாதே.

அன்புடன்,
மாமா