சதுரத் துணியும் சலவைக் கணக்கும்

ஜெர்மனியில் பிள்ளை பெறும் தமிழ்க் குடும்பங்களுக்குத் துணி நாப்பியைப் பற்றி இரண்டு பக்கமிருந்தும் அறிவுரை வந்து சேரும். பிரசவத்துக்கு உதவ ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ, பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியே பிள்ளைகளை வளர்த்தவர், "இந்தக் குளிருல துணி எங்க காயப்போகுது, பேம்பர்ஸே போட்டுடு" என்பார். மறுபக்கம், பூப்போட்ட நவீனத் துணி நாப்பி விற்பவர்கள், இதை வாங்கினால் ஆயிரக்கணக்கில் மிச்சம், பூமிக்கும் நல்லது என்பார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தாய் வீட்டில் இருக்கிறாள். அவள் சம்பளம் எல்டர்ன்கெல்ட் என்ற பெற்றோர் உதவித்தொகையாகச் சுருங்கி, பழைய வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கோ அதற்கும் சற்றுக் குறைவாகவோதான் வருகிறது. அந்த நேரத்தில் பாதி உண்மையை நம்பிச் செலவழிக்கக் கூடாது.

"துணி நாப்பி என்றாலே மலிவு"

இல்லை. எந்தத் துணி நாப்பி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விற்பவர்கள் போடும் கணக்கில் ஒரு பக்கம் எப்போதும் விலை உயர்ந்த பேம்பர்ஸ் இருக்கும். ஆனால் இங்கே பெரும்பாலான வீடுகளில் வாங்குவது டிஎம் கடையின் பேபிலவ், ரோஸ்மனின் பேபிட்ரீம், அல்டி, லிடில் கடைகளின் சொந்தச் சரக்கு. அளவைப் பொறுத்து ஒன்று 15 முதல் 20 சென்ட் வரை வரும். நாளுக்குச் சராசரியாக ஆறு என்று வைத்தால் இரண்டரை வருடத்துக்கு ஏறக்குறைய 5,500 வேண்டும். ஒன்று 18 சென்ட் என்றால் மொத்தம் 990 யூரோ. துணி நாப்பி ஜெயிக்க வேண்டியது இந்தத் தொகையைத்தான்.

இப்போது துணியின் பக்கம். கடைகளில் முதலில் கண்ணில் படுவது "ஆல்-இன்-ஒன்": உறிஞ்சும் துணியும் நீர் புகாத மேலுறையும் ஒன்றாகத் தைத்தது. பேம்பர்ஸ் போலவே மாட்டிவிடலாம். புதிதாக வாங்கினால் ஒன்று சுமார் 25 யூரோ ஆகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை துவைப்பதென்றால் 24 வேண்டும். முதல் நாளிலேயே 600 யூரோ போய்விடும். 60 டிகிரியில் ஒரு சலவைக்கு மின்சாரம், தண்ணீர், சலவைத்தூள் எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு யூரோ. வாரத்துக்கு இரண்டரைச் சலவை என்று 130 வாரத்துக்குக் கணக்கிட்டால் 325 யூரோ. மொத்தம் 925. மிச்சம் வெறும் 65 யூரோ. ஒவ்வொரு முறையும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் அதுவும் போய், கைப்பணமும் போகும். முதல் பிள்ளையோடு நிறுத்திக்கொண்டு, பிறகு விற்கவும் போவதில்லை என்றால் இதை மலிவு என்று சொல்லவே முடியாது.

மலிவு எங்கே இருக்கிறதென்றால், நம் பாட்டிமார் கட்டிய அதே சதுரத் துணியில். இங்கே அதன் பெயர் முல்விண்டெல்: 80-க்கு 80 சென்டிமீட்டர் பருத்தித் துணி, ஒன்று இரண்டு மூன்று யூரோவுக்குள். முப்பது வாங்கினால் சுமார் 75 யூரோ. அதன்மேல் போட ஊபர்ஹோஸ என்ற மேலுறை ஆறு, ஒன்று 15 யூரோ வீதம் 90. இரவுக்கு உள்ளே வைக்கச் சில சணல்நார்ப் பட்டைகளும் துணியைப் பிடித்து நிறுத்தும் டி வடிவக் கிளிப்புகளும் 35. ஆக 200 யூரோ. சலவை 325-ஐச் சேர்த்தால் 525. கடைச் சரக்கோடு ஒப்பிட்டால் 465 யூரோ மிச்சம். இரண்டாவது பிள்ளைக்கும் அதே துணி உழைக்கும்போது செலவு சலவை மட்டும்தான். அப்போது மிச்சம் 650-ஐத் தாண்டும். மேலுறை ஒவ்வொரு முறையும் நனைவதில்லை, துடைத்துக் காற்றாட விட்டு மறுபடி போடலாம். அதனால்தான் ஆறு போதும் என்கிறேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அழகான படம் அச்சிட்ட மெல்லிய முல் துணிகள் பல, பால் கக்கினால் துடைக்கத் தோளில் போடுவதற்கானவை. அவை மூத்திரத்தைத் தாங்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: இரட்டை நெசவாக, கனமாக இருப்பதே நாப்பிக்கு. ஊரிலிருந்து வரும் பழைய பருத்திப் புடவையும் வேட்டியும் மிருதுவாகத்தான் இருக்கும், முதல் சில வாரங்களுக்கு அருமையானவை. ஆனால் தேய்ந்து மெலிந்த துணி குறைவாகவே ஈரம் தாங்கும், அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். பாலியெஸ்டர் கலந்த புடவை எதற்கும் உதவாது.

வீட்டில் சலவை இயந்திரம் இல்லை, வாஷ்சலோனுக்குத்தான் போக வேண்டும் என்றால் இந்தக் கணக்கு முழுவதும் சரிந்துவிடும். ஒரு சலவைக்கு 5 யூரோ கொடுத்தால் 325 சலவைக்கு 1,600 யூரோவுக்கு மேல். அந்த வீட்டுக்குக் கடை நாப்பிதான் சரி; அதில் குற்றவுணர்ச்சிக்கு இடமே இல்லை.

"இந்த ஊர்க் குளிரில் துணி காயாது"

அம்மாக்களின் இந்தக் கவலை ஊரின் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலிருந்து வருவது. அங்கே காற்றே ஈரம். ஜெர்மனியின் குளிர்காலத்தில் சூடேற்றிய அறைக்குள் காற்று வறண்டிருக்கும். ஒற்றை மடிப்பாக விரித்துப் போட்ட முல் துணி ஓர் இரவில் காய்ந்துவிடும். காயாமல் தொல்லை தருவது பல அடுக்காகத் தைத்த ஆல்-இன்-ஒன்தான். ஒன்றரை நாள், இரண்டு நாள் கூட எடுக்கும். பாட்டியின் சதுரத் துணி இங்கேயும் ஜெயிக்கிறது.

துணியின் ஈரம் அறைக்குள்ளேயே தங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும் என்பது மட்டும் உண்மையான எச்சரிக்கை. வாடகை வீட்டில் அது வீட்டுக்காரரோடு சண்டையாகவும் முடியலாம். துணி காயும்போது இரண்டு மூன்று முறை ஜன்னலை முழுக்கத் திறந்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு மூடுங்கள். ஜன்னலைச் சாய்த்து வைத்து நாள் முழுக்க விடுவதால் சுவர்தான் குளிரும். பல அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலவறையில் துணி காயவைக்கத் தனி அறை உண்டு. குடியேறி வருடங்களாகியும் அதை எட்டிப் பார்க்காத நம்மவர்கள் நிறையப் பேர். நீர் புகாத மேலுறையை மட்டும் ஹீட்டர்மேல் நேரடியாகப் போடாதீர்கள், உள்பூச்சு கெட்டுவிடும்.

"கொதிக்க வைத்து, டெட்டால் போட்டால்தான் சுத்தம்"

நோயில்லாத குழந்தையின் துணிக்கு 60 டிகிரி போதும். வீட்டுச் சலவைக்கு டெட்டாலோ, இங்கே விற்கும் சக்ரோட்டானோ தேவையில்லை. 95 டிகிரி மின்சாரத்தைத் தின்னும், எலாஸ்டிக்கை அழிக்கும். ஆனால் அந்த 60 உண்மையிலேயே 60-ஆக இருக்க வேண்டும். இயந்திரத்தின் "ஈகோ" முறைகள் மின்சாரத்தைச் சேமிக்க நீரின் சூட்டைக் குறைத்து, நேரத்தை நீட்டுபவை. நாப்பிக்குச் சாதாரணப் பருத்தி 60-ஐத் தேர்ந்தெடுங்கள், அதற்கு முன் குளிர்நீரில் ஓர் அலசு. சலவைப் பொருள் திரவமாக அல்லாமல் தூளாக இருக்கட்டும்: ஃபோல்வாஷ்மிட்டெல் என்று எழுதிய தூளில் கறையையும் கிருமியையும் போக்கும் வெளுப்பான் இருக்கிறது, திரவத்தில் கிடையாது. துணி மென்மையாக்கி வேண்டவே வேண்டாம். நாரின்மேல் படிந்து உறிஞ்சுதலைக் குறைக்கும்.

"சுத்தமாகத் துவைத்தும் நாறுகிறது, தடிப்பு வருகிறது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது நீரின் கடினத்தன்மையை. பெர்லின், மியூனிக் போன்ற நகரங்களின் குழாய்நீர் கடின நீர். 14 ஜெர்மன் டிகிரிக்கு மேல் போனால் கடினம் என்று இங்கே வகுத்திருக்கிறார்கள். உங்கள் தெருவுக்கு எவ்வளவு என்பதைக் குடிநீர் நிறுவனமே சொல்லும். சலவைத்தூள் பெட்டியில் மென்நீர், நடுத்தரம், கடினம் என்று மூன்று அளவு அச்சிட்டிருக்கும். பிள்ளைத் துணி என்று பயந்து தூளைக் குறைத்துப் போடுவதுதான் பல வீடுகளில் நாற்றத்துக்குக் காரணம். தடிப்புக்கு முக்கியக் காரணம் ஈரம் நீண்ட நேரம் தோலில் இருப்பது. துணியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். மலத்துக்காக உள்ளே வைக்கும் மெல்லிய காகிதத் தாளைக் கழிவறைக்குள் போடாதீர்கள், குழாய் அடைக்கும். மலத்தை உதறிவிட்டுத் தாளைக் குப்பையில் போடுங்கள்.

"தடித்த துணி கட்டினால் கால் வளையும்"

நம் பக்கத்தில் இப்படி. ஜெர்மன் பாட்டிகளிடம் நேர் எதிர்: அகலமாகக் கட்டினால் இடுப்பு எலும்பு சரியாக வளரும் என்பார்கள். பிறந்த குழந்தையின் கால் இயல்பாகவே சற்று வளைந்துதான் இருக்கும், நடக்கத் தொடங்கியபின் நேராகும். நாப்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை. கால்களைச் சேர்த்து நீட்டி இறுக்கிச் சுற்றுவதுதான் இடுப்புக்குக் கெடுதல். ஆனால் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறை இருந்தால் அதை எந்தத் துணியும் குணப்படுத்தாது. அதைக் கண்டுபிடிக்கவே 1996 முதல் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் நடக்கும் யு3 பரிசோதனையில் இடுப்புக்கு அல்ட்ராசவுண்ட் செய்கிறார்கள். பரிசோதனைகளைக் குறிக்கும் மஞ்சள் புத்தகத்தில் அந்தப் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

"பேம்பர்ஸ் 500 வருடம் மண்ணில் கிடக்கும்"

சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைமேட்டை நினைத்தால் இந்தக் கவலை நியாயமானது. ஜெர்மனியில் நிலைமை வேறு. 2005 ஜூன் 1 முதல் பதப்படுத்தாத வீட்டுக் குப்பையை நிலத்தில் கொட்ட இங்கே அனுமதியில்லை; நாப்பிகள் எரிஉலைக்குப் போகின்றன. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, செய்து எரிப்பதில் வெளியாகும் கரியமில வாயுவுக்கும் துவைப்பதில் வெளியாகும் கரியமில வாயுவுக்கும் என்ன வித்தியாசம் என்பதே. பிரிட்டன் அரசு 2008-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தன: இரண்டரை வருடத்துக்குக் கடை நாப்பி 550 கிலோ, துணி 570 கிலோ. முழு இயந்திரம் நிரப்பித் துவைத்து, கொடியில் காயவைத்து, இரண்டாவது பிள்ளைக்கும் பயன்படுத்தினால் துணியின் பங்கு 40 சதவீதம் குறையும் என்றும், எப்போதும் உலர்த்தும் இயந்திரத்தில் போட்டால் 43 சதவீதம் கூடும் என்றும் அது சொன்னது. 2023-இல் வந்த புதிய ஆய்வில் துணி சுமார் 25 சதவீதம் குறைவு: 345-க்கு எதிராக 457 கிலோ. பணத்தை மிச்சப்படுத்தும் பழக்கங்களே கரியமில வாயுவையும் குறைக்கின்றன என்பதுதான் எனக்கு இதில் மனநிறைவு தருவது.

"மக்கும்" என்று விற்கும் ஒருமுறை நாப்பியை மக்கும் குப்பைக்கான பழுப்புத் தொட்டியில் போடலாம் என்று சிலர் நம்புகிறார்கள். கூடாது; அதுவும் மிச்சக் குப்பைத் தொட்டிக்குத்தான். மிச்சக் குப்பைக்குத் தொட்டியின் அளவைப் பொறுத்துக் கட்டணம் வாங்கும் ஊர்கள் நிறைய உண்டு. அங்கே துணி கட்டும் வீடு சிறிய தொட்டியோடு சமாளிக்கலாம்.

"தொடங்கினால் முழுக்க முழுக்கத் துணிதான்"

இந்த எண்ணமே பலரை முதல் மாதத்தோடு நிறுத்த வைக்கிறது. பகலில் துணி, இரவிலும் பயணத்திலும் கடை நாப்பி என்று வைத்துக்கொண்டாலும் கடை நாப்பியின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைகிறது. கிட்டா என்ற குழந்தைகள் காப்பகத்தில் ஏற்பார்களா என்பது ஒவ்வொரு கிட்டாவின் முடிவு; சேர்க்கும்போதே கேளுங்கள், மாட்டிக் காட்டுங்கள், அழுக்கைப் போட நீர் கசியாத பை கொடுங்கள். மறுத்தால் அங்கே மட்டும் கடை நாப்பி போடட்டும்.

ஆல்-இன்-ஒன்னின் வசதிதான் வேண்டும் என்றால் கிளைன்அன்சைகன் தளத்தில் பழையதாக வாங்குங்கள். எலாஸ்டிக் இழுபடுகிறதா, மேலுறையின் உள்பூச்சு உரிந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இன்னொன்று, துணி நாப்பி வாங்குவோருக்குப் பல நகரங்களும் மாவட்டங்களும் உதவித்தொகை தருகின்றன. தொகையும் நிபந்தனையும் ஊருக்கு ஊர் மாறும். சில இடங்களில் பழைய பொருளுக்குக் கிடைக்காது. வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊரின் குப்பை நிர்வாக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் நகலும் பெயர் போட்ட ரசீதும் கேட்பார்கள். கடையில் தரும் சிறு துண்டுச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள்.