தேம்பாவணியில் ஈரறப் பொருத்தம்: தொடக்கக் கிறித்தவ மணக் கோட்பாடும் தமிழ்க் கற்பு மரபும்

திறவுச்சொற்கள்: தேம்பாவணி, இல்லறம், துறவறம், கற்பு, கன்னிமை, பிரமாணிக்கம்

முன்னுரை

தமிழ் இலக்கண மரபில் கற்பு என்பது மணவாழ்வைக் குறிக்கும் சொல். தலைவியைக் கொடுக்கும் உரிமையுடையோர் சடங்கோடு கொடுக்கத் தலைவன் ஏற்பதையே தொல்காப்பியக் கற்பியல் கற்பெனக் கொள்கிறது. பின்னர் அச்சொல் பெரிதும் மனைவியின் அறத்தையே சுட்டுவதாயிற்று. கத்தோலிக்கத் தமிழிலோ அதே சொல், ஏழ்மை, கீழ்ப்படிதல் ஆகியவற்றோடு துறவியர் அளிக்கும் வார்த்தைப்பாடுகளுள் ஒன்றைக் குறிக்கிறது. மணத்தைக் குறித்த சொல் மணத்துறவையும் குறிக்க இடமளித்த கருத்துப் பின்புலத்தை வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கத் திருச்சபையின் நிலைப்பாடுகள்

மணம், மணத்துறவு பற்றித் தொடக்கத் திருச்சபை ஒரே குரலில் பேசவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் மணமின்மையை விரும்பத்தக்கதாகக் கூறினும் அதனைக் கட்டளையாக்கவில்லை. மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள உரிமை, கணவனின் உடல்மீது மனைவிக்கும் உண்டென்பது அவர் கருத்து. மணத்தையே இழிவெனக் கருதிய குழுவினரை மறுத்த அலெக்சாந்திரியா கிளமெந்து, திருத்தூதர் பேதுரு மணமானவர் என்பதைச் சான்றாகக் காட்டினார். நான்காம் நூற்றாண்டில் யோவினியன், கன்னியரும் மணமான பெண்டிரும் தகுதியில் நிகரானவர் என்றார். அதனை மறுத்து எரோணிமுஸ் 393இல் எழுதிய நூல், மணத்தைத் தாழ்த்துவதாக உரோமை நண்பர்களையே கலங்கச் செய்தது. ஏறத்தாழ 401இல் அகுஸ்தீன் இடைவழி கண்டார்: மணம் நல்லது, மணத்துறவு அதனினும் நல்லது.

மகப்பேறு, ஒருவர்க்கொருவர் உண்மையாயிருத்தல், பிரியாப் பிணைப்பு ஆகிய மூன்றும் மணத்தின் நன்மைகள் என்று அகுஸ்தீன் வகுத்தார். உடலுறவு இல்லாத மரியா, யோசேப்பு இணையரிடத்தும் இம்மூன்றும் நிறைந்திருந்தன என்று வாதிட்டார். இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த யாக்கோபின் முதல் நற்செய்தி யோசேப்பை மக்களையுடைய முதியவராகக் காட்ட, எரோணிமுஸ் 383இல் அவரையும் கன்னிமை காத்தவர் என்றார். இவ்விரு கருத்துகளும் இணைந்த பின்னரே யோசேப்பைத் தலைவனாகக் கொண்ட ஒரு கன்னிமைக் காப்பியம் இயல்வதாயிற்று.

காப்பியத்தில் ஈரறம்

மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் அமைந்த தேம்பாவணியில் யோசேப்பு வளன் எனப் பெயர் பெறுகிறார். திருமணப் படலத்தை அடுத்து ஈரறம் பொருத்து படலம் அமைகிறது. கன்னிமை காக்கும் உறுதியுடைய இருவரும் மணவாழ்வினுள்ளேயே அதனைத் தொடர்கின்றனர். திருக்குறள் இல்லறவியலையும் துறவறவியலையும் தனித்தனியே வகுத்துள்ளது. அதன் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அவ்வகுப்பை நன்கறிந்தவர். குறளில் தனி இயல்களாக நின்ற இரு நெறிகளைத் தம் காப்பியத்தில் ஒரே மனையில் ஒரே காலத்தில் அவர் பொருத்துகிறார். அகுஸ்தீனின் வாதம் இவ்வாறு தமிழ் அறப்பாகுபாட்டின் சொற்களில் மறுபிறப்பெய்துகிறது.

அடுத்து வரும் ஐயந்தோற்று படலமும் ஐயம் நீங்கு படலமும் மேலும் கருதத்தக்கவை. கம்பராமாயணத்தில் சீதை தன் தூய்மையைத் தீப்புகுந்து நிறுவ வேண்டியிருந்தது. மத்தேயு நற்செய்தி வழிப்பட்ட இக்கதையிலோ வானதூதனின் அறிவிப்பே கணவனின் ஐயத்தை நீக்குகிறது. மனைவிக்குச் சோதனை இல்லை. கணவனின் மனமே இங்குச் சோதனைக் களம். கற்பை இருபாலார்க்கும் பொதுவில் வைக்குமாறு பாரதி பாடுவதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே, உடலொழுக்கத்தை ஆடவனின் பெருமையாக்கிய தமிழ்க் காப்பியம் இது.

வழக்கில் எஞ்சியவை

இப்பொதுமை சமய வழக்கிலும் காணத்தக்கது. படகோட்டும் சமூகத்தார் எழுப்பிய ராயபுரம் தூய இராயப்பர் ஆலயம் போன்ற வடசென்னைப் பங்குகளில், மணமக்கள் இருவரும் ஒருவர்க்கொருவர் அளிக்கும் வாக்கு 'பிரமாணிக்கம்' என்பதாகும். அகுஸ்தீன் கூறிய இரண்டாம் நன்மைக்கு நிகரான சொல் இதுவே. கற்பு என்னும் வார்த்தைப்பாடும் ஆண், பெண் துறவியர் இருசாராருக்கும் உரியது. இராயப்பர் என்பது மணமான திருத்தூதரான பேதுருவின் தமிழ்ப்பெயர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. மணமும் மணத்துறவும் ஒரே திருச்சபையின் இரு வழிகளாகவே நிலைபெற்றுள்ளன.

முடிவுரை

தேம்பாவணி கற்பைப் பெண்ணின் தனிச்சுமையினின்று விடுவித்து இருவர்க்கும் உரியதாக்குகிறது. எனினும் அவ்விடுதலை காமத்தை விலக்கியே பெறப்படுகிறது. வீரமாமுனிவரின் இலத்தீன் பெயர்ப்பில் காமத்துப்பால் இடம்பெறாமையும் இவ்விலக்கலோடு ஒத்துச்செல்கிறது. மணத்தின் உடலின்பத்தை அறத்தோடு பொருத்தும் பணியைத் தமிழ் அகமரபு முன்னரே செய்திருந்தது. ஈரறம் பொருத்திய காப்பியம் அம்மரபோடு பொருந்தாது விலகிய இடமே, தமிழ்க் கிறித்தவ இலக்கிய ஆய்வு இனிச் செல்ல வேண்டிய இடமாகும்.